காபிக் களத்துக்கு ஒரு நல்ல அரிக்கேன் விளக்கு: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர்: களத்துமேடு

எல்லோருக்கும் வணக்கம். மாமனாருக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு பறிப்புக் காலத்தில் நானும் மனைவியும் சேலத்திலிருந்து மேலே போய் இருந்துவிடுகிறோம். பழத்தைக் களத்தில் காயப் போட்டால் சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் படுத்தாக வேண்டும். அந்த ஒருவர் இப்போது நான்தான்.

காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் எங்காவது ஒரு சில்வர் ஓக் முறிந்து கம்பி மேல் விழுகிறது. அப்புறம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் விளக்கு இரண்டு வைத்திருக்கிறேன். முதல் ராத்திரி நன்றாக எரியும். மறுநாள் பனிமூட்டமாகவே இருந்தால் சோலார் பலகையும் உதவாது. மாமனார் ஒரே பேச்சாக, "நல்ல அரிக்கேன் ஒன்று வாங்கி வாங்க மாப்பிள்ளை, நாங்கள் அதை வைத்துத்தான் காலம் தள்ளினோம்" என்கிறார்.

சரி என்று சேலத்தில் ஒரு கடையில் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்த ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். தொட்டியின் அடி விளிம்பில் எண்ணெய் கசிந்து கொட்டகை முழுக்க நாற்றம். சாரல் பட்ட முதல் ராத்திரியே கண்ணாடியில் மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டுவிட்டது. அதே அளவுக் கண்ணாடி கேட்டால் கடைக்காரர் தனியாக வராது என்கிறார்.

இந்த முறை சரியானதை வாங்க வேண்டும். கடையில் நின்று எதைப் பார்க்க வேண்டும்? பெரியதா, சின்னதா? பெட்ரோமாக்ஸ் வாங்கிவிடலாமா? இன்னொன்று, மாமனார் வீட்டுப் பரணில் துருப்பிடித்த பழைய லாந்தர் ஒன்று கிடக்கிறது. அதைச் சரிசெய்து பயன்படுத்த முடியுமா?

பதில்: சூரமங்கலம்

நண்பரே, வீட்டுக்குள் எரிக்க வேண்டாம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் எரிந்தால் புகைக்கரியும் வரும், கார்பன் மோனாக்சைடும் வரும். ஏற்காட்டுக் குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுப் படுப்பது வழக்கம். அந்த அறையில் இரவு முழுக்க விளக்கு எரியக் கூடாது. கொட்டகை பக்கம் திறந்திருக்கிறது என்றால் சரி. உள்ளே படுக்க, குழந்தைகள் படிக்க எல்லாம் எல்இடிதான். பெரிய பேட்டரியாக ஒன்று வாங்கி வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், லாந்தர் களத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

பதில்: அம்மாபேட்டை விளக்குக்காரர்

தம்பி, எங்கள் குடும்பம் சேலம் அம்மாபேட்டையில் விளக்கு வாடகைக் கடை வைத்திருந்தது. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்தால் எங்கள் திண்ணை முழுக்கப் பெட்ரோமாக்ஸ் வரிசையாக நிற்கும். சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கெல்லாம் எங்கள் விளக்குகள் போயிருக்கின்றன. ஜெனரேட்டர் வந்த பிறகு வாடகைத் தொழில் நின்றுவிட்டது, ரிப்பேர் வேலையை மட்டும் நான் விடவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கடைக்குப் போனதும் விளக்கைக் கேட்காதீர்கள். "இதற்குத் தனிக் கண்ணாடி இருக்கிறதா, திரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தால் மட்டும் விளக்கைக் கையில் எடுங்கள். அரிக்கேனில் தகரம் பல வருஷம் நிற்கும். உடைவது கண்ணாடி, தீர்வது திரி. மாற்றுக் கண்ணாடி கிடைக்காத விளக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முதல் விரிசலோடு அதன் ஆயுசு முடிந்தது. உங்கள் சிவப்பு விளக்குக்கு நடந்ததும் அதுதான். என்னிடம் ரிப்பேருக்கு வருகிறவற்றில் பாதி, விளக்கில் ஒரு கோளாறும் இல்லாமல் கண்ணாடிக்காக மட்டும் வருகிறவை. அளவு ஒத்துப்போகாமல் பலவற்றைத் திருப்பித்தான் அனுப்புகிறேன்.

கண்ணாடியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், அது காற்றை மறைக்க மட்டும் இருப்பதில்லை. அரிக்கேனின் இரண்டு பக்கமும் குழாய் போகிறதே, அது வெறும் சட்டம் இல்லை. சுடர் சூடாக்கிய காற்று மேலே ஏறும்போது அந்தக் குழாய் வழியாகக் காற்று கீழே இறங்கி, திரியைப் பிடித்திருக்கும் பர்னருக்கு வந்து சேர வேண்டும். கண்ணாடி மேலும் கீழும் தட்டில் ஒட்டி உட்கார்ந்தால்தான் இந்த ஓட்டம் நடக்கும். ஒரு நூல் குட்டையான கண்ணாடியைப் போட்டால் இடுக்கில் காற்று புகுந்து சுடர் ஆடும், புகையும், கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். "விளக்கு சரியில்லை" என்று கொண்டு வருவார்கள், கண்ணாடி உயரம்தான் சரியில்லாமல் இருக்கும்.

அரிக்கேனில் இரண்டு ஜாதி உண்டு. பழையது 1860களின் கடைசியில் அமெரிக்காவில் ஜான் இர்வின் என்பவர் செய்த அமைப்பு. இதில் கண்ணாடிக்கு மேலே ஏறும் சூடான காற்றில் ஒரு பகுதியே குழாய் வழியாகத் திரும்ப வரும். எரிந்த காற்று கலந்து வருவதால் வெளிச்சம் மட்டு, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். அதே ஆள் 1870களில் இன்னொன்றைச் செய்தார். அதில் மேல் மூடிக்குள் தனியாக ஓர் அறை இருக்கும், வெளியே இருக்கும் புதுக் காற்று மட்டும் குழாயில் இறங்கும். சுடர் வெள்ளையாக நிற்கும், வெளிச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் டீட்ஸ் என்ற அமெரிக்க விளக்குக் கம்பெனிதான் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கடையில் அடையாளம் பார்க்க ஒரு வழி: குழாய் இரண்டும் கண்ணாடிக்கு நேர் மேலே இருக்கும் மணி போன்ற திறந்த மூடியில் போய்ச் சேர்ந்தால் பழைய அமைப்பு. தோள் மாதிரி வளைந்து, புகைபோக்கியைச் சுற்றி இருக்கும் அடைத்த அறையில் சேர்ந்தால் புதிய அமைப்பு. களத்துக் காவலுக்குப் புதிய அமைப்பையே வாங்குங்கள். மலைக்காற்றிலும் அதுதான் நிற்கும்.

இப்போது கடையில் நின்று செய்ய வேண்டியது. கண்ணாடியைத் தூக்கும் கம்பியை அழுத்துங்கள். ஒரு கையாலேயே கண்ணாடி நேராக எழும்ப வேண்டும், விட்டால் டக்கென்று உட்கார வேண்டும். பிறகு விளக்கைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். கண்ணாடி கடகடவென்றால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். பர்னரைத் திருகி வெளியே எடுத்துத் திரி ஏற்றும் குமிழைத் திருப்பிப் பாருங்கள். பல் சக்கரம் திரியை இரண்டு ஓரமும் ஒன்றாக ஏற்ற வேண்டும். ஒரு ஓரம் முந்தினால் சுடர் எப்போதும் கோணலாகவே எரியும், எப்படி வெட்டினாலும் சரியாகாது. தொட்டியின் அடி விளிம்பை நகத்தால் சுற்றி வாருங்கள். தகரத்தை இரட்டையாக மடித்து அழுத்தியிருந்தால் நகம் ஒரே சீராக ஓடும். அங்கங்கே ஈயம் திட்டுத்திட்டாகத் தட்டினால் கசிவை மறைக்க ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக, பர்னர் கழற்றிய இடத்தில் குழாய்க் காற்று வந்து சேரும் துவாரம் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். ஹோட்டல் அலங்காரத்துக்கு என்று செய்கிறவற்றில் குழாய் பெயருக்குத்தான் இருக்கும், காற்று போகாது. அதைக் கொளுத்தினால் பெயின்ட் வாடைதான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் முக்கால் தொட்டி எண்ணெய் ஊற்றி, ஒரு செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை வாங்கும்போதே கடைக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்ததை மலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேல் மூடிப் பக்கம் சூட்டில் பெயின்ட் கொப்பளிக்கும், அதன் அடியில் பனி ஈரம் புகுந்து துரு பிடிக்கும். துத்தநாகம் பூசிய, மங்கலான வெள்ளி நிறத்தில் இருப்பதுதான் நாகலூர் ஈரத்துக்கு ஏற்றது. பித்தளை பார்க்க நன்றாக இருக்கும், துருவும் பிடிக்காது, ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம்.

பெட்ரோமாக்ஸ் வேண்டாம் தம்பி. அந்த விளக்கால் வளர்ந்தவன் நான், அதன் மேல் எனக்கு எவ்வளவோ பிரியம் உண்டு. ஆனால் அது கூட்டத்துக்கான விளக்கு. 500 கேண்டில் என்று போட்டிருக்கும் பெரிய மாடல் ஒரு லிட்டரை எட்டு மணி நேரத்தில் குடித்துவிடும். முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும், அப்புறம் பம்ப் அடித்துக் காற்று ஏற்ற வேண்டும், பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்தால் எண்ணெய் போட்டு ஊற வைக்க வேண்டும். வெளிச்சம் தரும் வலைப்பை போன்ற மேன்டில் ஒருமுறை எரிந்துவிட்டால் சாம்பல் மாதிரி, கையில் எடுத்து நடந்தாலே உதிரும். இரவெல்லாம் உஸ் என்று சத்தம் வேறு. களத்தில் படுத்திருக்கிறவருக்குக் காட்டுமாடு வரும் சத்தம் காதில் விழ வேண்டாமா?

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். திரி அகலம்தான் வெளிச்சம். முக்கால் அங்குலத்துக்கு மேல் அகலமான திரி போட்ட பெரிய விளக்கு பத்து, பன்னிரண்டு மெழுகுவத்தி வெளிச்சம் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பு அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு, அதனால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். படுக்கை, தார்ப்பாய், களத்தின் ஓரம் தெரியும். கொட்டகையில் மாட்டப் பெரியது ஒன்று, கையில் தூக்கி நடக்க அரை அங்குலத் திரி போட்ட சின்னது ஒன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெரியது.

பதில்: மஞ்சக்குட்டை அக்கா

விளக்குக்காரர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நாங்கள் மேலேயே இருக்கிறவர்கள், புழங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

புதுத் திரியைப் போட்ட உடனே கொளுத்தாதீர்கள் தம்பி. எண்ணெய் ஊற்றி அரை மணி நேரமாவது ஊற விடுங்கள். ஊறாத திரியைக் கொளுத்தினால் எண்ணெய்க்குப் பதில் பஞ்சுதான் எரியும், நுனி கட்டியாகக் கருகிப்போகும். கொளுத்தியதும் திரியைத் தாழ்த்தியே வைத்துச் சில நிமிஷம் கண்ணாடி சூடேறட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குளிரில் இருந்த கண்ணாடிக்கு ஒரேயடியாகப் பெரிய சுடர் காட்டினால் அது தாங்காது. சாரல் அடிக்கும் பக்கத்தில் மாட்டாமல் கூரையின் உள்பக்கம் மாட்டுங்கள். மூடிக்கு மேலே வரும் சூடு ரொம்ப அதிகம், ஓலையோ மூங்கிலோ இருந்தால் இரண்டு அடியாவது தள்ளித் தொங்க வேண்டும். கீழே வைத்தால் படுதா, கோணிப்பை எதுவும் பக்கத்தில் வேண்டாம். நாய் தட்டிவிடும்.

தினமும் காலையில் விளக்கு ஆறிய பிறகு திரி நுனியில் இருக்கும் கரியைத் துணியால் துடைத்து எடுத்தால் போதும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூர்மையான கத்தரியால் நேராக ஒரே வெட்டு, பிறகு இரண்டு மூலையிலும் ஒரு துளி மட்டும் கிள்ளிவிட வேண்டும். மூலை நீட்டிக்கொண்டிருந்தால் சுடருக்குக் கொம்பு முளைத்துப் புகையும். கண்ணாடிக்குச் சலித்த சாம்பலும் பழைய துணியும்தான் எங்கள் வீட்டில். ஈரத்தோடு மாட்டிவிடாதீர்கள்.

எண்ணெய்தான் இப்போது கஷ்டம். ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்கும், அதுவும் எந்தக் கார்டு, காஸ் இணைப்பு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான். வெளியில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெய் விலை அதிகம், ஆனால் திரியில் கரி குறைவாகப் பிடிக்கிறது. எங்கள் பக்கம் சிலர் டீசல் ஊற்றிப் பார்க்கிறார்கள். அது கனமான எண்ணெய், திரியில் சரியாக ஏறாது, கண்ணாடி ஒரு மணி நேரத்தில் அடுப்புச் சட்டி ஆகிவிடும். பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, அது வெடிக்கும்.

கேட்டவர்: களத்துமேடு

அண்ணா, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். பரணில் இருந்த லாந்தரை இன்று இறக்கிப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் உயரம். துணியால் துடைத்ததும் மேல் மூடியில் ‘ஃபாயர்ஹாண்ட்’ என்றும், ஓர் எண் 276 என்றும் தெரிகிறது. ஜெர்மனி என்றும் எழுதியிருக்கிறது. கண்ணாடி இல்லை. தொட்டி அடியில் துரு, ஓர் இடத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. மாமனாரின் அப்பா ஏதோ எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தபோது கிடைத்தது என்கிறார்கள். இதை நம்ம ஊர்ப் பட்டறையில் கொடுத்து காஸ் வைத்துப் பற்றவைத்துவிடலாமா?

பதில்: அம்மாபேட்டை விளக்குக்காரர்

தம்பி, முதலில் அதைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய் இருந்த தொட்டிக்கு வெளியிலிருந்து நெருப்பு காட்டவே கூடாது. வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் மடிப்புக்குள் எண்ணெய் நிற்கும், சூடேறினால் ஆவியாகிப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்து ஊற்றிப் பல முறை குலுக்கிக் கழுவ வேண்டும். பிறகு தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, நெருப்பு இல்லாத சூட்டுக்கோலால் ஈயம் வைக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல பொருள். 276 என்பது ஃபாயர்ஹாண்ட் என்ற ஜெர்மன் விளக்குக் கம்பெனியின் பேபி மாடல், இன்றைக்கும் ஜெர்மனியிலேயே செய்கிறார்கள். நான் மேலே சொன்ன புதிய அமைப்புதான். தொட்டி சின்னது, 340 மில்லிதான் பிடிக்கும், ஆனால் ஒரு தடவை நிரப்பினால் இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளர் எண்ணெய் போதும். அக்கா சொன்ன எண்ணெய்க் கஷ்டத்துக்கு இதைவிட ஏற்ற விளக்கு கிடையாது. வெளிச்சம் பெரிய விளக்கு அளவுக்கு வராது. கொட்டகைக்குள் மாட்டவும் கையில் எடுத்துக்கொண்டு களத்தைச் சுற்றி வரவும் இதுவே போதும்.

இதன் கண்ணாடி வேறு விதம். போரோசிலிகேட் என்பார்கள், ஓட்டோ ஷாட் என்ற ஜெர்மன்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய வகை. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும், அதனால் சாரல் பட்டாலும் எளிதில் போகாது. இந்த மாடலுக்கு அதே கண்ணாடி இன்னமும் தனியாக விற்பனைக்கு வருகிறது. இங்கே கடையில் கிடைக்காது, இணையத்தில் வரவழைக்க வேண்டும், விலை கொஞ்சம் கடிக்கும். நம்ம நாட்டில் ஃபிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடியில் உயரமும் வாயளவும் ஒத்தது கிடைத்தால் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சாரலில் வைக்கக் கூடாது.

துருவை உப்புத்தாள் போட்டு உரசிவிடாதீர்கள், மீதி இருக்கும் பூச்சும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நாள் வையுங்கள். பிறகு பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் போதும். தேய்த்த பிறகு தொட்டி அடியைக் கட்டை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் ஒரே ஓட்டைதான், சரிசெய்துவிடலாம். அப்பளம் மாதிரி நெளிந்தால் தகரம் முழுக்கவே போய்விட்டது, அடித்தகடு புதிதாக வைக்க வேண்டும். அதுவும் முடியாதது இல்லை, கூலி கூடும். பர்னரைக் கழற்றி வெந்நீரில் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் பழைய பிசுக்கு விடும், பல் சக்கரம் சுற்றுகிறதா என்று அப்போது தெரியும்.

பதில்: மஞ்சக்குட்டை அக்கா

தம்பி, மலையில் பாதித் தொட்டியோடு விளக்கைப் பல நாள் சும்மா வைத்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அப்புறம் கொளுத்தும்போது படபடவென்று பொரியும். உங்கள் தொட்டி அடியில் துரு வந்ததும் அப்படித்தான் இருக்கும். பறிப்பு முடிந்து கீழே போகும்போது எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, திரியையும் எடுத்துக் காயவைத்து, தாளில் சுற்றி வையுங்கள்.

கேட்டவர்: களத்துமேடு

விரலால் அழுத்திப் பார்த்தேன் அண்ணா, நெளியவில்லை, கெட்டியாகவே இருக்கிறது. அப்படியானால் புதிது வாங்கும் யோசனையைத் தள்ளி வைக்கிறேன். கண்ணாடியை இணையத்தில் இப்போதே சொல்லிவிடவா, இல்லை ஓட்டையை அடைத்த பிறகா?

பதில்: அம்மாபேட்டை விளக்குக்காரர்

அடைத்த பிறகு சொல்லுங்கள். அடைத்து, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வைத்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு காசு போடலாம். கண்ணாடி தாங்கும் கம்பி வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் சரியான கண்ணாடியும் உட்காராது. மலையிலிருந்து இறங்கும்போது விளக்கோடு பர்னரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். திரி என்னிடமே இருக்கிறது, அரை அங்குலத்தை ஒட்டிய அளவு. காலை வேளையில் வந்தால் மதியத்துக்குள் ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்வதில்லை.